உள்ளுக்குப் போட்டால் முடிஞ்சுதா?

2023 டிசம்பர் 17ஆம் திகதி ‘யுக்திய’ நடவடிக்கை தொடங்கினபோது நாங்கள் கொஞ்சமாவது சந்தோஷப்பட்டோம். அதை முதலில் ஒத்துக்கொள்ளுவோம். வீதியில் சோதனை, மோப்பநாய், விடியப்புறம் வீடுகளுக்குள் பொலிஸ் நுழையிற காட்சிகள் என்று தொலைக்காட்சி முழுக்க அதுதான். முகநூலில் எங்கட ஆக்களே “இன்னும் பிடியுங்கோ” என்று எழுதினார்கள். கம்பஸ் கன்டீனிலும் அதே கதை: “தூள் அடிக்கிறவனை உள்ளுக்குப் போட்டாத்தான் ஊர் உருப்படும்.”

அந்தக் கோபம் பொய்க் கோபம் இல்லை. பள்ளிக்கூடம் போற வயசுப் பெடியன் ஐசுக்குப் பழகி, வீட்டில் இருக்கிற சாமானை ஒவ்வொன்றாக விற்கிறதை எங்கட ஊர்களில் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். பெத்த பிள்ளைக்குப் பயந்து அறையைப் பூட்டிக்கொண்டு படுக்கிற அம்மாக்கள் இருக்கிறார்கள். ஆனால் பிடிச்சவர்களை எங்கே கொண்டுபோய் வைத்தார்கள், அதுக்குப் பிறகு என்ன நடந்தது என்று நாங்கள் கேட்கவே இல்லை.

2024 ஜனவரியில் ஐக்கிய நாடுகள் மனித உரிமைகள் அலுவலகம் கவலை தெரிவித்தபோது, ஒரு மாதம்கூட ஆகாத அந்தக் காலத்துக்குள் கிட்டத்தட்ட 29,000 பேர் கைதாகியிருந்ததாகச் சொன்னது. இலங்கைச் சிறைகள் அதற்கு முதலே நிரம்பி வழிந்துகொண்டிருந்தன. கொள்ளளவைவிட இரண்டு மடங்குக்கும் அதிகமானோர் உள்ளே இருக்கிறார்கள். அவர்களில் பாதிக்கும் மேல் விளக்கமறியல் கைதிகள், அதாவது குற்றவாளி என்று எந்த நீதிமன்றமும் இன்னும் தீர்ப்புச் சொல்லாதவர்கள். தண்டனை பெற்று ஒவ்வொரு வருஷமும் சிறைக்குப் போறவர்களிலும் பெரும்பாலானோர் தண்டப்பணம் கட்ட வழியில்லாமல் போறவர்கள்தான். அதே குற்றத்தைச் செய்த காசுக்காரன் பணத்தைக் கட்டிவிட்டு அன்றைக்கே வீட்டுக்குப் போவான்.

இது எப்படி நடக்கிறது? ஒருத்தரிடம் ஒரு சின்னப் பைக்கற் பிடிபடுகிறது. அது உண்மையிலேயே ஹெரோயினா, அதில் சுத்தமான போதைப்பொருள் எவ்வளவு என்பதை அரச பகுப்பாய்வாளர் திணைக்களம் சோதித்துச் சொல்ல வேண்டும். அந்த அறிக்கை வர மாதக்கணக்கில் ஆகும். அதுவரைக்கும் “அறிக்கை வரவில்லை” என்று இன்னொரு தவணை, பிறகு இன்னொரு தவணை. 1997ஆம் ஆண்டின் பிணைச் சட்டம், பிணை கொடுப்பதுதான் விதி, மறுப்பது விதிவிலக்கு என்று சொல்கிறது. ஆனால் போதைப்பொருள் சட்டத்தில் பிணைக்கு வேறு ஏற்பாடு இருக்கிறது. குறிப்பிட்ட அளவுக்கு மேல் என்றால் நீதவானால் பிணை கொடுக்க முடியாது. மேல் நீதிமன்றங்களுக்குப் போக வேண்டும். அதுக்குச் சட்டத்தரணி வேண்டும், சட்டத்தரணிக்குக் காசு வேண்டும். கூலி வேலைக்குப் போற ஒரு அம்மா ஒவ்வொரு தவணைக்கும் ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு பஸ் ஏறிக் கோட்டுக்கு வருவா. மகன் குற்றம் செய்தானோ இல்லையோ, அந்த வீட்டுக்குத் தண்டனை அன்றைக்கே தொடங்கிவிடும்.

இவ்வளவுக்கும் போதைப்பொருள் குறைந்ததா? 1984இல் சட்டத்தைத் திருத்தி, இரண்டு கிராமோ அதற்கு மேலோ ஹெரோயின் வைத்திருந்தால் மரண தண்டனை அல்லது ஆயுள் தண்டனை என்றார்கள். 2022இல் ஐசும் சேர்க்கப்பட்டு, அதற்கு ஐந்து கிராம் என்று கோடு போட்டார்கள். நாற்பது வருஷமாகத் தண்டனை கூடிக்கொண்டே போகிறது. தூளும் ஊருக்குள் வந்துகொண்டேதான் இருக்கிறது. பழக்கத்துக்கு அடிமையான பெடியனையும் விற்கிறவனையும் ஒரே கூடத்தில், படுக்க இடமில்லாமல் முறைவைத்துத் தூங்குகிற நெரிசலில் மாதக்கணக்கில் வைத்தால், அவன் திருந்தி வருவானா, புதுத் தொடர்புகளோடு வருவானா? 2020 நவம்பரில், கொரோனாப் பயம் உச்சத்தில் இருந்தபோது, மஹர சிறையில் கலவரம் வெடித்து 11 கைதிகள் உயிரிழந்ததை இந்த நெரிசலை மறந்துவிட்டு விளங்கிக்கொள்ள முடியாது.

சிறை என்றால் என்ன என்று தமிழருக்கு ஆரும் சொல்லித்தரத் தேவையில்லை. 1983 ஜூலையில் வெலிக்கடையில் 53 தமிழ்க் கைதிகள் கொல்லப்பட்டார்கள். பயங்கரவாதத் தடைச்சட்டத்தில் பிடிபட்டு, வழக்கு முடியாமலே இளமையை உள்ளே தொலைத்தவர்கள் எங்கட ஊர்களில் இருக்கிறார்கள். “குற்றத்தை நிரூபி, இல்லாட்டி விடு” என்று பதாகை பிடித்து நின்றவர்கள் நாங்கள். யுக்திய வந்தபோது அதே நாங்கள் கைதட்டினோம்.

“அது வேற, இது வேற. அவர்கள் அரசியல் கைதிகள், இவங்கள் தூள்காரர்” என்று சிலர் சொல்லுவார்கள். காரணங்கள் வேறுதான், இரண்டையும் ஒன்றாக்க நாங்கள் வரவில்லை. ஆனால் நிரூபிக்காமலே ஒருத்தரை மாதக்கணக்கில் அடைத்து வைக்கிற அதிகாரத்தை ஒரு இடத்தில் சரி என்று விட்டால், இன்னொரு இடத்தில் பிழை என்று எந்த வாயால் சொல்லுவோம்? யுக்தியவுக்குத் தலைமை தாங்கிய அப்போதைய பதில் பொலிஸ்மா அதிபர், முன்பு ஒருவர் சித்திரவதை செய்யப்பட்டதற்குப் பொறுப்பானவர் என்று உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது, நடவடிக்கை தொடங்குவதற்கு மூன்று நாளுக்கு முன்புதான். ‘யுக்திய’ என்ற சிங்களச் சொல்லுக்கு நீதி என்று அர்த்தம்.

அப்போ என்னதான் செய்யலாம்? பகுப்பாய்வாளர் அறிக்கைக்கு ஒரு காலவரை வேண்டும். அதற்குள் வராவிட்டால் பிணை கொடுக்க வேண்டும். தண்டப்பணத்தைத் தவணையில் கட்ட விட வேண்டும், கட்டவே முடியாதவருக்குச் சமுதாய வேலை கொடுக்க வேண்டும். அதுக்கான சமுதாயஞ்சார் சீர்திருத்தச் சட்டம் 1999இலேயே வந்துவிட்டது. பழக்கத்துக்கு அடிமையானவருக்கு வேண்டியது வைத்தியம், அதுவும் வைத்தியர்களிடம். இராணுவம் நடத்திய கந்தகாடு புனர்வாழ்வு நிலையத்தில் 2022 ஜூனில் ஒருவர் இறந்தார், நூற்றுக்கணக்கானோர் தப்பி ஓடினார்கள், படையினர் சிலர் கைதானார்கள். அப்படியான இடத்துக்கு எங்கட தம்பியை அனுப்புவோமா?

விற்கிற பெரிய கைகளைப் பிடிக்க வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. பிடிபடுகிறவர்களில் எத்தனை பேர் பெரிய கைகள் என்றுதான் கேட்கிறோம். அடுத்த முறை எங்கட ஊர்ப் பெடியன் ஒருத்தனை ஜீப்பில் ஏற்றுகிற படம் வந்தால், அதைப் பகிர்வதற்கு முதல் அவனுக்கு எப்போ தவணை, ஆர் சட்டத்தரணி, அறிக்கை வந்துவிட்டதா என்று விசாரிப்போம். அவனுடைய அம்மாவுக்கு அந்தக் கேள்விகளைக் கேட்க ஒரு ஆள் கூட இருந்தாலே பெரிய உதவி.