கறுப்புச் சாயம் பூசிய கதாநாயகனும் காட்டில் செத்த இருபது பேரும்



சேஷாசலம் காடு எங்கே இருக்கிறது என்று பத்தாண்டுகளுக்கு முன்பு வடநாட்டில் கேட்டிருந்தால் பெரும்பாலோர் விழித்திருப்பார்கள். இன்று டில்லியில் டீ விற்கும் பையனும் சொல்லுவான். 2021 டிசம்பர் 17-ஆம் நாள் வெளிவந்த 'புஷ்பா' என்ற தெலுங்குப் படம் செய்த வேலை அது. செம்மரக் கூலியாள் ஒருவன் படிப்படியாக ஏறிக் கடத்தல் கும்பலுக்கே தலைவனாகும் கதை. சுகுமார் இயக்கினார், அல்லு அர்ஜுன் நடித்தார். தெலுங்கு, தமிழ், இந்தி, மலையாளம், கன்னடம் என ஐந்து மொழிகளில் ஓடியது. அந்த வேடத்துக்காக அவருக்குச் சிறந்த நடிகருக்கான தேசிய விருது 2023-இல் அறிவிக்கப்பட்டது. 2024 டிசம்பரில் வந்த இரண்டாம் பாகம் ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல் வசூலித்தது.

நம் பிள்ளைகளும் கைதட்டினார்கள். புறங்கையைத் தாடைக்கு அடியில் தேய்த்து வசனம் பேசிப் பார்க்காத பையன் திருப்பதித் தெருவில் உண்டா? கைதட்டுவது குற்றமில்லை. நாள் முழுவதும் உழைத்தவன் இரண்டு மணி நேரம் சிரித்துவிட்டு வரட்டும். ஆனால் கைதட்டிய கை ஓய்ந்த பிறகு ஒரு கேள்வி கேட்க வேண்டும். அந்தக் காட்டில் உண்மையாகவே கோடாரி பிடித்தவன் யார்? அவன் முகம் ஏன் திரையில் இல்லை?

படம் காட்டாத கதை

2015 ஏப்ரல் 7, செவ்வாய்க்கிழமை. திருப்பதிக்கு அருகே, சந்திரகிரிப் பக்கம், அதே சேஷாசலம் காட்டில் ஆந்திரப் போலீசின் செம்மரக் கடத்தல் தடுப்புப் படை இருபது பேரைச் சுட்டுக் கொன்றது. இருபது பேரும் தமிழர்கள். திருவண்ணாமலை, தருமபுரி, சேலம் மாவட்டங்களிலிருந்து கூலிக்கு வந்தவர்கள். பலர் மலையாளி என்னும் பழங்குடி மக்கள். கல்லும் கோடாரியும் கொண்டு எங்களைத் தாக்கினார்கள், தற்காப்புக்குச் சுட்டோம் என்றது போலீஸ். எங்களோடு வந்தவர்களைப் பேருந்திலிருந்து இறக்கிக்கொண்டு போனார்கள் என்று உயிர் தப்பியவர்கள் தேசிய மனித உரிமை ஆணையத்தின் முன் சாட்சி சொன்னார்கள்.

செம்மரம் வெட்டுவது சட்டப்படி குற்றம். அதை நாம் மறைக்கவில்லை. 2013 டிசம்பரில் அதே காட்டில் வனத்துறை அலுவலர்கள் இருவர் கொல்லப்பட்டதையும் மறைக்கவில்லை. அவர்கள் வீட்டிலும் அழுத பிள்ளைகள் உண்டு. ஆனால் அந்தக் கொலைக்காக நூற்றுக்கணக்கான தமிழ்க் கூலிகளைப் பிடித்து ஆண்டுக்கணக்கில் சிறையில் அடைத்தார்களே, அவர்களை நீதிமன்றம் 2016-இல் குற்றமில்லை என்று விடுவித்ததை எந்தப் படம் காட்டியது? கட்டை கடல் தாண்டிச் சீனாவுக்கும் ஜப்பானுக்கும் போகிறது. பணம் தரகனிடமும் ஏற்றுமதி செய்பவனிடமும் போகிறது. குண்டு மட்டும் கூலிக்காரன் நெஞ்சுக்கு வருகிறது. நம் ஊர் மலைக்குப் போய் முன்பணம் கொடுத்து ஆள் பிடிக்கிற தரகனும் பெரும்பாலும் தமிழன்தான் என்பதையும் சேர்த்தே சொல்லுவோம்.

இந்தக் கதை 'புஷ்பா'வில் இல்லை. அதில் வரும் கூலி சித்தூர்த் தெலுங்கு பேசுகிறான். தமிழன் யாராக வருகிறான்? கட்டை வாங்கும் சென்னை வியாபாரி முருகனாக வருகிறான்! கூலியாகச் செத்தவன் தமிழன். திரையில் அவன் கூலியும் இல்லை, சாகவும் இல்லை. காடுகூட உண்மையான காடல்ல. பெரும்பகுதியைக் கோதாவரிப் பக்கத்து மாரேடுமில்லிக் காட்டில் எடுத்தார்கள்.

சாயத்தின் அரசியல்

அடுத்து நிறத்துக்கு வருவோம். வெயிலில் காய்ந்து கறுத்த கூலியாகத் தெரிய வேண்டும் என்பதற்காகச் சிவந்த மேனியுடைய நட்சத்திரத்துக்குக் கறுப்புச் சாயம் பூசினார்கள். கறுத்த மனிதனுக்கா ஆந்திராவில் பஞ்சம்? ரேணிகுண்டா நிலையத்தில் எந்த வண்டி வந்து நின்றாலும் நூறு பேர் இறங்குவார்களே! கறுப்பு வேண்டும், கறுப்பன் வேண்டாம். இதுதான் இந்தத் தொழிலின் நெடுநாள் விதி.

தெலுங்குக்காரர்களை மட்டும் திட்டிவிட்டுப் போவது நேர்மையாகாது. 2007-இல் சென்னையில் ஏவி.எம். எடுத்த 'சிவாஜி' படத்தை நினைத்துப் பாருங்கள். பாரி மகளிர் அங்கவை, சங்கவை என்ற பெயர்களை இரண்டு பெண்களுக்குச் சூட்டி, அவர்கள் முகத்தில் கரியை அப்பி, பார்த்தாலே ஓட வேண்டிய பிறவிகளைப் போலக் காட்டித் தமிழ்நாடு முழுவதையும் சிரிக்க வைத்தார்கள். கொட்டகையில் சிரித்தவர்களின் பக்கத்தில் அதே நிறத்துத் தங்கையும் மகளும் உட்கார்ந்திருந்தார்கள். 2019-இல் விஜய் தொலைக்காட்சியில் தொடங்கிய 'பாரதி கண்ணம்மா' தொடர் கறுப்பான பெண்ணின் துயரத்தைச் சொல்லவந்தது. அந்தக் கறுப்பையும் நடிகையின் முகத்தில் ஒப்பனையால்தான் ஏற்றினார்கள். நம் நிறத்துக்காகக் கண்ணீர் விடுவார்கள். அந்த நிறத்தோடு பிறந்தவளுக்கு வேலை தரமாட்டார்கள்.

இந்தச் சாயம் ஒரு பக்கம் மட்டுமே பூசலாம் என்பதையும் கவனியுங்கள். ஏறத்தாழ நூறாண்டுகளுக்கு முன் மலையாளத்தின் முதல் படமான 'விகதகுமாரன்' படத்தை ஜே.சி. டேனியல் எடுத்தார். அதில் பி.கே. ரோசி என்ற தாழ்த்தப்பட்ட சாதிப் பெண் நாயர் குலப் பெண்ணாக நடித்தார். திருவனந்தபுரத்தில் ஆதிக்கச் சாதியார் பொங்கியெழுந்தார்கள். ரோசி ஊரைவிட்டே ஓடி, தமிழ்நாட்டில் பெயர் தெரியாமல் வாழ்ந்து முடித்தார். மேலே இருப்பவன் கீழே இருப்பவனாக நடித்தால் விருது. கீழே இருப்பவள் மேலே இருப்பவளாக நடித்தால் விரட்டு. இதற்குப் பெயர் கலையா?

அமெரிக்கக் கறுப்பர் கற்றுத் தரும் பாடம்

நம் நோய் நமக்கு மட்டும் வந்ததில்லை. அமெரிக்காவில் 1915-இல் 'ஒரு தேசத்தின் பிறப்பு' என்ற படம் வந்தது. வெள்ளை நடிகர்கள் முகத்தில் கரி பூசிக் கறுப்பு மக்களைக் கொடியவர்களாகக் காட்டினார்கள். கு குளக்ஸ் கிளான் என்ற கொலைகாரக் கூட்டத்தை வீரர்களாகக் காட்டினார்கள். கறுப்பு மக்களின் அமைப்புகள் அதை எதிர்த்துப் போராடின. அதோடு அவர்கள் நிற்கவில்லை. ஆஸ்கார் மிஷோ என்று ஒருவர். அடிமைகளாக இருந்தவர்களின் மகன். இரயிலில் படுக்கைப் பெட்டிப் பணியாளாக வேலை பார்த்தவர்; இரயில்வேக்காரன் என்ற முறையில் இதைச் சொல்வதில் எனக்குப் பெருமை. பிறகு உழவரானார். நாவல் எழுதினார். அதை வீடு வீடாகப் போய் விற்றார். தம் நாவலைப் படமாக்கப் பெரிய நிறுவனத்தை நம்பாமல் பங்கு விற்றுப் பணம் சேர்த்து 1919-இல் 'தி ஹோம்ஸ்டெடர்' என்ற படத்தை எடுத்து வெளியிட்டார். மறு ஆண்டு 'எங்கள் வாசல்களுக்குள்ளே' என்று பொருள்படும் படத்தில், வெள்ளைக் கும்பல் கறுப்பரைத் தூக்கிலிடும் கொடுமையைத் திரையில் காட்டினார்.

இதே நாட்டில் பெரிய முதலாளிகளின் படத்தில் நடித்தவர்களுக்கு என்ன மரியாதை கிடைத்தது? 'கான் வித் தி விண்ட்' படத்தில் வேலைக்காரியாக நடித்த ஹாட்டி மெக்டேனியல் 1940-இல் ஆஸ்கார் பரிசு பெற்றார். அந்தப் பரிசைப் பெற்ற முதல் கறுப்பர் அவர். ஆனால் விழாவில் அவரை மற்ற நடிகர்களோடு உட்காரவிடவில்லை. சுவரோரமாகத் தனி மேசை போட்டார்கள். அட்லாண்டா நகரில் அந்தப் படத்தின் முதல் காட்சிக்கு அவர் போகவே முடியவில்லை. அடுத்தவன் வீட்டுப் பந்தியில் இலை கிடைத்தாலும், எந்த மூலையில் போடுவது என்பதை வீட்டுக்காரன்தான் முடிவு செய்வான்.

நம் கையில் ஒரு சான்று

'அமெரிக்கா வேறு, நம்மால் ஆகுமா?' என்று கேட்பீர்கள். ஆகியிருக்கிறது. அதுவும் நம்மைப் போல ஆந்திராவுக்குப் பிழைக்க வந்த ஒரு தமிழராலேயே ஆகியிருக்கிறது. கோயம்புத்தூர் ஆட்டோ ஓட்டுநர் மு. சந்திரகுமார் 1980-களில் குண்டூரில் கூலி வேலை செய்தவர். செய்யாத குற்றத்தை ஒப்புக்கொள்ளச் சொல்லி அவரையும் கூட இருந்தவர்களையும் போலீசார் அடைத்து வைத்து அடித்தார்கள். அந்த நாட்களை அவரே 'லாக்கப்' என்ற நூலாக எழுதினார். அதை அடிப்படையாகக் கொண்டு வெற்றிமாறன் 'விசாரணை' எடுத்தார். இருபது பேர் செத்த அதே 2015-இல் அது வெனிஸ் திரைப்பட விழாவில் திரையிடப்பட்டது. 2016-இல் இங்கே வெளியானது. சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருது பெற்றது. ஆஸ்காருக்கு இந்தியாவின் படமாக அனுப்பப்பட்டது. மொழி புரியாமல் அடிவாங்குகிற கூலியின் பயம் அந்தப் படத்தில் இருப்பதுபோல் வேறெங்கே இருக்கிறது? அடிவாங்கியவனே பேனா எடுத்ததனால் வந்த பலன் அது.

பா. ரஞ்சித்தைப் பாருங்கள். பெரிய படங்கள் எடுத்துப் பேர் வாங்கியதோடு நில்லாமல் நீலம் என்று சொந்த நிறுவனம் தொடங்கினார். அதன் வழியாக 2018-இல் மாரி செல்வராஜின் 'பரியேறும் பெருமாள்' வந்தது. கறுப்பி என்ற நாயும், சட்டம் படிக்கப் போன சேரிப் பையனும் திரையில் தலை நிமிர்ந்து வந்தார்கள். வேறு ஒருவர் கதவைத் திறக்கக் காத்திருந்திருந்தால் அந்தப் படம் வந்திருக்குமா?

பணத்துக்கு எங்கே போவது?

இரயில்வே எழுத்தனாகிய எனக்குக் கணக்குப் பார்ப்பது தொழில். இதையும் கணக்காகவே பார்ப்போம். 1976-இல் ஷியாம் பெனகல் எடுத்த 'மந்தன்' படத்துக்கு முதலாளி யார் தெரியுமா? குஜராத்தின் பால் கூட்டுறவில் உறுப்பினரான ஐந்து லட்சம் விவசாயிகள். ஆளுக்கு இரண்டு ரூபாய். ஐந்து லட்சத்தை இரண்டால் பெருக்கினால் பத்து லட்சம், படம் முடிந்தது. வெளிவந்தபோது தங்கள் படத்தைப் பார்க்க அவர்களே கூட்டம் கூட்டமாக வந்தார்கள். 1986-இல் கேரளத்தில் ஜான் ஆபிரகாமும் ஒடேசா குழுவினரும் ஊர் ஊராகப் போய் மக்களிடம் காசு திரட்டி 'அம்ம அறியான்' எடுத்தார்கள். 1992-இல் அமெரிக்காவில் ஸ்பைக் லீ 'மால்கம் எக்ஸ்' எடுத்தபோது, மேற்கொண்டு பணம் தரமாட்டோம் என்று நிறுவனம் கைவிரித்தது. ஓப்ரா வின்ஃப்ரேயும் மைக்கேல் ஜோர்டனும் இன்னும் சிலரும் நன்கொடை கொடுத்துப் படத்தை முடிக்க வைத்தார்கள்.

நம்மில் ஜோர்டன் இல்லை. ஆனால் நம்மில் நூறு குடும்பம் இல்லாத கிளை உண்டா? மாதம் பத்து ரூபாய் என்றால் நூறு குடும்பத்துக்கு ஆண்டுக்குப் பன்னிரண்டாயிரம். ஐந்து கிளைக்கு அறுபதாயிரம். இதில் பெரும் படம் எடுக்க முடியாது. ஒரு குறும்படம் எடுக்கலாம். நல்ல ஒலிவாங்கி வாங்கலாம். நம் பெண் பிள்ளைகள் இருவரைப் படத்தொகுப்புப் படிக்க அனுப்பலாம். படம்பிடிக்கும் கருவி இன்று ஒவ்வொரு வீட்டிலும் கைப்பேசியாக இருக்கிறது. நேற்று இல்லாத வசதி இது.

செய்ய வேண்டியவை

ஒன்று: சேஷாசலத்தில் ஆளை இழந்த குடும்பங்களும், சிறையிலிருந்து திரும்பியவர்களும், சித்தூர்ச் செங்கல் சூளையிலும் திருப்பதி ஓட்டலிலும் உழைப்பவர்களும் தங்கள் வாயால் சொல்வதை, அவர்கள் சம்மதத்தோடு பதிவு செய்யுங்கள். பெயர் வெளியே வரக்கூடாது என்றால் மறையுங்கள். பதிவின் உரிமை அவர்களுடையதாகவும் சங்கத்தினுடையதாகவும் இருக்கட்டும்.

இரண்டு: சினிமாக்காரர் வந்து 'உங்கள் கதையைச் சொல்லுங்கள்' என்றால், ஒரு டீக்கு நம் வாழ்க்கையை விற்காதீர்கள். எழுத்தில் ஒப்பந்தம் கேளுங்கள். பெயரும் பங்கும் கேளுங்கள். நடிக்க ஆள் வேண்டுமென்றால் எங்கள் ஆட்களை எடு என்று சொல்லுங்கள்.

மூன்று: ஏழு பேர் கையெழுத்திட்டால் ஒரு சங்கம் பதிவாகிவிடும். கிளைகள் சேர்ந்து படக்குழு ஒன்றைப் பதிவு செய்யுங்கள். தெலுங்கு உழைப்பாளித் தோழர்களையும் அழையுங்கள். சித்தூர் மண்ணின் கூலித் தெலுங்கனும் அந்தப் படத்தில் ஏமாந்தவன்தான். அவனுடைய பேச்சை எடுத்துக்கொண்டார்கள், அவனை விட்டுவிட்டார்கள்.

ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. 'வயிற்றுக்கே வழியில்லை, சினிமா எதற்கு?' என்று மூத்த தோழர்கள் கேட்பார்கள். வயிற்றுக்காகத்தான் சொல்கிறேன். தமிழ்ப் பேச்சுக் கேட்டதும் பேருந்தில் இறக்கி விசாரிக்கிற கண்ணுக்கு நம்மைக் கடத்தல்காரன் என்று சொல்லிக் கொடுத்தது எது? செய்தித்தாளும் சினிமாவும் சொல்லிக் கொடுத்தவைதாம். வாடகைக்கு வீடு தர மறுக்கிறவன் மனத்திலும், கூலியைக் குறைக்கிற மேஸ்திரி மனத்திலும் ஒரு படம் ஓடிக்கொண்டிருக்கிறது. அந்தப் படத்தை மாற்றாமல் கூலியை எப்படி உயர்த்துவது?

அடுத்த மாதக் கிளைக் கூட்டங்களில் இதை முதல் பொருளாக வையுங்கள். கூட்டம் முடிந்ததும் 'விசாரணை'யைத் திரையிட்டுப் பிள்ளைகளோடு உட்கார்ந்து பாருங்கள். பிறகு முதல் பத்து ரூபாயை வசூலித்து ரசீது போடுங்கள்.