பிள்ளையளோட இருந்து 'ஷேன்' பாருங்கோ

"துவக்குப் படம் வேண்டாம், பிள்ளையள் இருக்கினம்" எண்டு சொல்லுற வீடுகளிலதான் தீபாவளிக்கு ரீவியில கதாநாயகன் ஐம்பது பேரைச் சுட்டுத் தள்ளுறான். செத்தவன் ஆரெண்டு ஒருத்தரும் கேக்கிறேல்ல.

ஜோர்ஜ் ஸ்டீவன்ஸின் 'ஷேன்' (1953) கௌபாய் படம்தான். ஆனால் வயோமிங்கில் காணி திருத்திக் குடியிருக்கிற கமக்காரரை மாட்டுப் பண்ணை முதலாளி ஒருவன் எழுப்பப் பார்க்கிற கதை அது. கட்டுக்கரைக்குளத்துத் தண்ணியில் வயல் செய்யிற, இடம்பெயர்ந்து திரும்பி வந்த அடம்பன் சனத்துக்கு இதை விளக்கத் தேவையில்லை. (மேய்ச்சல் தரைக்கு அலையிற எங்கட மாட்டுக்காரரின்ர பாடு வேற. படத்தில அந்த முதலாளிக்கும் தன்ர நியாயத்தைச் சொல்ல இடம் இருக்கு.)

படத்தில் ரொறி எண்ட கமக்காரனை, கூலிக்கு வந்தவன் சேத்துக்குள்ள சுட்டு விழுத்துறான். ஸ்டீவன்ஸ் வேணுமெண்டே வெடிச் சத்தத்தைப் பெருப்பிச்சு, விழுறவரைக் கம்பி கட்டிப் பின்னால இழுத்தவர். பிறகு செத்தவீடு. ரொறியின்ர நாய் சவப்பெட்டியைப் பிராண்டுது. எங்கட ஹீரோக்கள் சுட்ட ஆருக்கு நாய் அழுதது?

துவக்கில் மயங்கி நிக்கிற சின்னப் பெடியனுக்கு ஷேன் சுடக் காட்டேக்க, இந்தப் பக்கம் ஒரு துவக்கும் வேண்டாம், உன்ர துவக்கும் வேண்டாம் எண்டு தாய் முகத்துக்கு நேரே சொல்லுறா.

இரண்டு மணித்தியாலம் வராது. வெடி வரப்போகுதெண்டு அம்மம்மாவுக்கு மட்டும் முதலே சொல்லி வையுங்கோ.