தமக்குத் தாமே எழுதிக்கொண்ட விலக்கு

1966-ஆம் ஆண்டில் இந்திய வனப் பணி தோற்றுவிக்கப்பட்டபோது, ஜம்மு-காஷ்மீர் ராஜ்யத்தில் ஏற்கெனவே உத்தியோகம் வகித்துவந்த வன அதிகாரிகளுள் யோக்கியதை உடையவர்களைப் பொறுக்கியெடுக்க ஒரு விசேஷத் தேர்வுக் குழு அமைந்தது. அந்த ராஜ்யத்தின் தலைமை வனப் பாதுகாவலர் பொறுப்பில் இருந்தவர் பதவியின் காரணமாகவே குழுவில் ஓர் அங்கத்தினர். தேர்வுக்கு நின்ற அதிகாரிகளிலும் அவர் ஒருவர். தம் பெயர் பரிசீலனைக்கு வந்த வேளையில் அவர் எழுந்து வெளியே போய்விட்டார். ஆனால் தமது பதவி உயர்வினால் பின்தள்ளப்பட்டிருந்த போட்டியாளர்களின் பெயர்கள் வந்தபோது நாற்காலியை விட்டு அசையவில்லை. தகுதி வரிசை தயாரானபோதும் உடனிருந்தார். பட்டியலில் முதலிடம் அவருக்குக் கிடைத்தது. பின்தள்ளப்பட்டவர்களுக்கு அதில் இடமே கிடைக்கவில்லை.

கிரைபாக் வழக்கு என்று சட்ட மாணவர்கள் அறிந்திருக்கும் இந்த விவகாரம் 1969-இல் ஐந்து நீதிபதிகள் கொண்ட உச்ச நீதிமன்ற அமர்வின் முன் வந்தது. அவர் தம் விஷயத்தில் கலந்துகொள்ளவில்லை, மற்ற அங்கத்தினர்கள் மீது எவ்விதச் செல்வாக்கும் செலுத்தவில்லை, இறுதிச் சிபாரிசோ தேர்வாணையத்தினுடையது என்றெல்லாம் சர்க்கார் தரப்பில் சமாதானம் சொல்லப்பட்டது. நீதிபதிகள் அதற்கு இணங்கவில்லை. கூடிப் பேசி முடிவெடுக்கும் சபையில் ஒருவருடைய அபிப்பிராயம் மற்றவருடைய மனத்தில் எப்படிப் போய்ப் படிகிறது என்பதைப் பிரமாணப் பத்திரத்தால் அளந்துவிட முடியாது. அவர் உண்மையிலேயே பட்சபாதமாக நடந்தாரா என்பதல்ல, அப்படி நடக்க நியாயமான சாத்தியம் இருந்ததா என்பதே கேள்வி என்று கண்டு, தேர்வையே ரத்து செய்தனர்.

நம் பொதுவாழ்வில் நலமுரண் பற்றிய பேச்சு எழும்போதெல்லாம், ‘அவர் கறைபடாத கை கொண்டவர், அவரையா சந்தேகிக்கிறீர்கள்?’ என்று சீறி எழும் அபிமானிகளுக்கு இந்தத் தீர்ப்பு இன்னும் போய்ச் சேரவில்லை. இங்கிலாந்தின் லார்ட் சான்சலராயிருந்த காட்டன்ஹாம் பிரபு, தாம் பங்கு வைத்திருந்த கால்வாய்க் கம்பெனியின் வழக்கில் அக்கம்பெனிக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்திருந்ததை 1852-இல் பிரபுக்கள் சபை தள்ளுபடி செய்தது. அவர் நேர்மையை அங்கே ஒருவரும் ஐயுறவில்லை. லஞ்சம் ஒருவருடைய குற்றம். அதற்குச் சாட்சி வேண்டும், தண்டனை வேண்டும். நலமுரண் என்பதோ ஒரு நிலைமை. குற்றம் நிகழும்வரை காத்திராமல் முன்கூட்டியே கலைத்துவிட வேண்டியது.

வன அதிகாரி கிடக்கட்டும். அவர் விதிக்கு உட்பட்டவர். நாற்காலியில் இருப்பவரே விதியைத் திருத்தவும் வல்லவராயிருந்தால் என்ன ஆகும் என்பதற்கு நம் நாடு சில ஆண்டு இடைவெளியில் இரு உதாரணங்களைக் கண்டது.

ஆதாயம் தரும் பதவி வகித்ததற்காக 2006-இல் ஜெயா பச்சன் ராஜ்ய சபை அங்கத்தினர் பதவியை இழந்தார். அதே குற்றச்சாட்டு தம்மைச் சூழவே சோனியா காந்தி ராஜினாமா செய்து மறுபடி தேர்தலில் நின்றார். இன்னும் பலர் அந்த வலையில் சிக்கக்கூடும் என்று தெரிந்ததும், அசாதாரணமான ஒரு சுறுசுறுப்புடன், ஐம்பதுக்கும் மேற்பட்ட பதவிகளுக்கு விலக்களித்து, அவ்விலக்கை 1959 முதலே முன்தேதியிட்டு ஒரு மசோதா நிறைவேறிற்று. ஜனாதிபதி அப்துல் கலாம் தம் ஐந்தாண்டுகளில் திருப்பியனுப்பிய ஒரே மசோதா அதுதான். எல்லா ராஜ்யங்களுக்கும் ஒருசீராகப் பொருந்தும் பொது அளவுகோல் ஒன்றை வகுக்கலாகாதா என்று அவர் கேட்டார். பார்லிமெண்டு மாற்றமின்றி மறுபடி நிறைவேற்றி அனுப்ப, அரசியல் சாசனம் வேறு வழி வைக்காததால் கையொப்பமிட்டார்.

அடுத்தது கிரிக்கெட். வாரியம் நடத்தும் போட்டிகளில் அதன் நிர்வாகிகள் எவ்வித வியாபார நலனும் கொண்டிருக்கலாகாது என்று விதி 6.2.4 சொல்லிற்று. வாரியத்தின் பொருளாளராயிருந்த என். சீனிவாசன் நிர்வகித்த இந்தியா சிமெண்ட்ஸ் கம்பெனி, 2008 தொடக்கத்தில் சென்னை அணியை ஏலத்தில் எடுத்தது. அவ்வாண்டு செப்டம்பரில் அந்த விதியோடு, ஐ.பி.எல். போன்ற போட்டிகள் நீங்கலாக என்னும் பொருள்பட ஒரு வாசகம் சேர்ந்தது. அதாவது, பெரும் பணம் புரளும் இடத்தைத் தவிர மற்றெங்கும் விதி செல்லும்! ஏ.சி. முத்தையா தொடுத்த வழக்கில் 2011-இல் இரு நீதிபதிகளும் மாறுபட்டு நின்றனர். 2015 ஜனவரியில்தான் நீதிபதிகள் தாக்கூரும் கலிபுல்லாவும் அந்தத் திருத்தத்தைச் செல்லாததாக்கினர். ஐ.பி.எல். சூதாட்ட விவகாரத்தை மூடி மறைத்தார் என்ற குற்றச்சாட்டு சீனிவாசன்மீது நிரூபணமாகவில்லை என்றும் அதே தீர்ப்பு கூறிற்று. ஆயினும் வியாபார நலன் இருக்கும்வரை வாரியத் தேர்தலில் நிற்கலாகாது என்றது. குற்றத்தையும் நிலைமையையும் இவ்வளவு தெளிவாகப் பிரித்துக் காட்டிய தீர்ப்பு அபூர்வம்.

கண்டிப்பு மிகுந்தால் தொல்லையும் உண்டு. உச்ச நீதிமன்றம் நியமித்த லோதா குழுவின் சீர்திருத்தத்துக்குப்பின் வந்த நெறி அதிகாரியின் முன், இந்தியா சிமெண்ட்ஸில் விடுப்பு எடுத்துக்கொண்டு தேசிய கிரிக்கெட் அகாடமிக்கு வந்த ராகுல் திராவிட்கூட 2019-இல் விளக்கம் சொல்ல நேர்ந்தது. முடிவில் முரண் ஏதுமில்லை என்றாயிற்று. துறை அறிந்தவர்கள் அத்துறையிலேயே பிழைப்பவர்களாயிருப்பது இயற்கை; அவர்களையெல்லாம் விலக்கினால் அறியாதவர்களே மிஞ்சுவார்கள் என்பதும் மெய்தான். அதற்காகவே நலன்களை வெளிப்படையாய்ப் பதிவதும், எந்த விஷயத்தில் ஒருவர் ஒதுங்க வேண்டும் என்பதை அவரல்லாத மூன்றாமவர் தீர்மானிப்பதும் அவசியமாகின்றன. திராவிட் விஷயத்தில் நடந்தது அதுவே. அதில் அவருக்கு இழுக்கு ஏதுமில்லை.

கிரிக்கெட் வாரியத்துக்கு நீதிமன்றம் இவ்வளவு செய்துவிட்டது. ராஜ்ய சபையிலோ, கம்பெனி டைரக்டர் பதவி, சம்பளத் தொழில், பெரும்பான்மைப் பங்கு, ஆலோசனைக் கட்டணம் முதலியவற்றை அங்கத்தினர்கள் அறிவிக்க ஒரு பதிவேடு உண்டு. மக்களவையில் அதுவும் இல்லை. சொந்தப் பண நலன் உள்ள அங்கத்தினரின் வாக்குக்கு ஆட்சேபம் எழுப்ப விதி இருக்கிறது என்பார்கள். ஆனால் நலன் இன்னதென்று பதிவாகாத இடத்தில் ஆட்சேபிப்பவர் எதைக் கொண்டு ஆட்சேபிப்பார்? நலமுரணைத் தடுக்கவென்றே சுதர்சன நாச்சியப்பன் ராஜ்ய சபையில் கொண்டுவந்த தனிநபர் மசோதா சட்டமாகவில்லை. தம் பதவிகளுக்கு விலக்குத் தேடிக்கொள்ள 2006-இல் சில மாதங்களே போதுமாயிருந்த அதே பார்லிமெண்டுக்கு, இதை எடுத்துப் பேச இன்னும் அவகாசம் வாய்க்கவில்லை.