‘றேக் இன்’: குவியலும் உழைப்பும்

மருதமுனை மாணவர் ஒருவர் தம் ஆங்கிலக் கட்டுரையிலே, ‘மை ஃபாதர் றேக்ஸ் இன் மணி பை வீவிங்’ என்று எழுதியிருந்தார். நெசவினால் தந்தையார் நன்றாக உழைக்கிறார் என்பது அவர் கருத்து. நாம் அவ்வாக்கியத்தின் கீழே கோடிட்டோம். “அப்படியென்றால் வாப்பா உழைக்கவில்லையா, சேர்?” என்று வினவினார். முகம் வாடியிருந்தது. காரணம் கூறுதல் நம் கடனாயிற்று.

‘றேக்’ என்பது சருகையும் வைக்கோலையும் வாரிச் சேர்க்கும் பல்வைத்த கருவி. சூதாட்ட மேசையிலே பந்தயப் பணத்தை இழுத்துக்கொள்ளும் நீண்ட கோலுக்கும் அதுவே பெயர். ஆகவே ‘றேக் இன்’ என்றதும் மனக்கண்முன் தோன்றுவது குவியலேயன்றி வியர்வை அன்று. பெருந்தொகை எளிதாக வந்து சேர்கிறது என்பதே பொருள். சொல்பவருடைய பொறாமையும் சிறிது கலந்திருக்கும். ஒரு திரைப்படம் கோடிக்கணக்கில் ‘றேக் இன்’ செய்யலாம். பெருநாட் காலத்திலே கல்முனைத் துணி வணிகரும் செய்யலாம். மாதச் சம்பளக்காரராகிய நமக்கு அது வாய்க்காது!

‘இட்’ வருமாயின் நடுவிலே நிற்றல் வேண்டும்: ‘றேக்கிங் இட் இன்’. ‘றேக்கிங் இன் இட்’ என்பது பிழை. அங்கே ‘இட்’ என்பதே பணத்தைக் குறிக்கும். பேச்சு வழக்காதலின் விண்ணப்பங்களில் இதனைத் தவிர்க்க.

இனி மாணவர் இடறிய இடம். ‘மாதம் எவ்வளவு உழைக்கிறார்?’ என்று நம் நாட்டிலே கேட்கிறோம். தமிழகத்தார் ‘எவ்வளவு சம்பாதிக்கிறார்?’ என்பர். பாடுபடுதலையும் பணம் ஈட்டுதலையும் நம்மவர் ஒரே சொல்லில் அடக்கிவிட்டனர். அம்மாணவரின் தந்தையாரோ 2004 டிசெம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலையிலே தறியை இழந்து, கடன்பட்டு மீண்டும் தறி போட்டவர். சாரம் ஒன்றிலே நூல் விலை போக எஞ்சுவது எவ்வளவு என்பதை நெசவாளர் வீட்டார் அறிவர். அவரைப் பற்றி ‘றேக்ஸ் இன்’ என்றால், பாவிலும் ஊடையிலும் கழிந்த பகலெல்லாம் மறைந்துபோம்.

‘மேக்ஸ் எ லிவிங்’ என எழுதலாம் என்றோம். அது மிகச் சிறியதாகத் தோன்றுகிறதே என்றார். உண்மைதான், வயிறு கழுவுதல் என்ற அளவிலே அது நின்றுவிடுகிறது. ‘ஏண்’ என்ற பழைய சொல்லே நம் ‘உழைப்பு’க்கு அண்மையது. பெறுதலோடு, பெறுதற்குத் தகுதியுடையராதலையும் அது உணர்த்தும்.

‘ஹி ஏண்ஸ் எவ்ரி ருப்பீ’ என்று திருத்தி எழுதினார். வாப்பாவுக்கு வாசித்துக் காட்ட வேண்டுமென்று கொப்பியை வாங்கிச் சென்றார்.