குவாட் பைக் கவிழ்ந்தால் ஏன் உயிர் போகிறது? ஆஸ்திரேலியாவின் 'இரும்பு வளைவு' விதி சொல்வது என்ன?

நான்கு சக்கரம், அகலமான டயர், மேடு பள்ளம் எதிலும் ஏறும். பார்த்தால் இரு சக்கர வண்டியைவிட பாதுகாப்பாகத்தான் தெரியும். ஆனால், 'குவாட் பைக்' எனப்படும் இந்த ஏடிவி வண்டியால் ஆஸ்திரேலியாவில் ஆண்டுக்கு சராசரியாக 16 பேர் உயிரிழப்பதாக 2019-ல் அந்நாட்டு நுகர்வோர் ஆணையம் கணக்கு சொன்னது. பலரும் பண்ணையில் வேலையில் இருந்தவர்கள்.

சிக்கல் எங்கே?

ஆடு மாடு ஓட்ட, வேலி பார்க்க, களைக்கொல்லி தெளிக்க என எல்லாத்துக்கும் அங்கே இந்த வண்டிதான். எடை சுமார் 300 கிலோ. உயரத்துக்கு ஏற்ற அகலம் கிடையாது. சரிவில் குறுக்கே போகும்போது ஒரு சக்கரம் கல்லில் ஏறினாலே கவிழ்ந்துவிடலாம். மருந்து டேங்க் கட்டியிருந்தால் இன்னும் மோசம். பாதி காலியான டேங்கில் தண்ணீர் ஒரு பக்கமாகச் சாய்ந்து வண்டியையும் சேர்த்து இழுக்கும்.

கவிழ்ந்த வண்டி நெஞ்சை அழுத்த, மூச்சுவிட முடியாமலே இறந்தவர்கள் பலர். பெரிய காயம்கூட இருக்காது. பரந்த பண்ணையில் ஆள் தனியாக இருப்பார், செல்போன் சிக்னலும் இருக்காது. யாராவது வந்து வண்டியைத் தூக்கியிருந்தால் பிழைத்திருக்கக்கூடியவர்கள் இவர்கள். ஹெல்மெட் கட்டாயம் வேண்டும்தான், ஆனால் அது நெஞ்சைக் காப்பாற்றாது.

விதி என்ன?

2021 அக்டோபர் 11 முதல், பண்ணை வேலைக்கான புதிய குவாட் பைக்குகளில் ஓட்டுநர் பாதுகாப்புச் சாதனம் கட்டாயம். பெரும்பாலும் இது இருக்கைக்குப் பின்னால் நிற்கும் ஒரு வளைவு. வண்டி புரண்டால், அடியில் இருப்பவருக்குக் கொஞ்சம் இடைவெளி கிடைக்கும். பக்கவாட்டில் 28.81 டிகிரி சாயும் வரை சக்கரம் தூக்கக் கூடாது என்பதும் நிபந்தனை.

'வளைவே ஆளை அடிக்கலாம், பயிற்சி கொடுங்கள்' என்றன எதிர்த்த நிறுவனங்கள். ஹோண்டாவும் யமஹாவும் அங்கே குவாட் பைக் விற்பனையையே நிறுத்துவதாக அறிவித்தன. பயிற்சி தேவைதான். ஆனால் நாள் முழுக்க வேலை பார்த்துக் களைத்தவர், பழகிய சரிவில்கூட ஒரு நொடி அசந்துபோவார். அந்த நொடிக்குப் பயிற்சி உதவாது.

ஓட்டை எங்கே?

ஏற்கெனவே பண்ணைகளில் ஓடும் பழைய வண்டிகளை இந்த விதி தொடவில்லை. அவற்றிலும் வளைவைப் பொருத்தலாம். விக்டோரியா, நியூ சவுத் வேல்ஸ் அரசுகள் இதற்கு மானியமும் கொடுத்தன. கூண்டும் சீட் பெல்ட்டும் உள்ள 'சைடு பை சைடு' வண்டிக்கு மாறிய பண்ணைகளும் உண்டு. அதிலும், இறங்கி ஏறும் ஒவ்வொரு முறையும் பெல்ட் போட்டால்தான் கூண்டுக்குப் பலன்.