யானையைப் பார்த்தீர்கள், பாகனைப் பார்த்தீர்களா?

விடுமுறை கிடைத்தால் முதுமலைக்கு ஒரு நாள் போய்வருவது நம் இளைஞர்களிடையே வழக்கமாகிவிட்டது. தெப்பக்காட்டில் சீட்டு வாங்கி வனத்துறை வண்டியில் ஏறினால் புள்ளிமான் கூட்டத்தைப் பார்க்கலாம். வாய்த்தால் காட்டெருமை, செந்நாய், காட்டு யானை. முகாம் யானைகளுக்கு ராகி, கொள்ளு, சோறு, வெல்லம் சேர்த்து உருட்டி ஊட்டுவதையும் பார்த்துவிட்டு ஊர் திரும்பலாம். போகாதீர்கள் என்று சொல்ல வரவில்லை தோழர்களே. போங்கள். ஆனால், அந்த உருண்டையை ஊட்டும் கை யாருடையது என்றும் பாருங்கள்.

அது பெரும்பாலும் ஒரு குறும்பரின், காட்டுநாயக்கரின், இருளரின் கை. பாகன், காவடி என்று தலைமுறை தலைமுறையாக யானையோடு வாழ்கிறவர்கள். இதே தெப்பக்காட்டில் குட்டி யானைகளை வளர்த்த காட்டுநாயக்கர் இணையரான பொம்மன், பெள்ளியைப் பற்றிய ஆவணப்படம் 2023இல் ஆஸ்கர் வென்றபோது நாடே கைதட்டியது.

அதற்கு மூன்றாண்டுகள் முன்பு, 2020 பிப்ரவரியில், அதே தெப்பக்காட்டில் இன்னொரு காட்சி. யானைகள் புத்துணர்வு முகாமைத் தொடங்கிவைக்க வந்த அன்றைய வனத்துறை அமைச்சர் திண்டுக்கல் சீனிவாசன், அங்கே நின்ற பழங்குடிச் சிறுவனைக் கூப்பிட்டுத் தன் செருப்பைக் கழற்றச் சொன்னார். காணொளி பரவியதும் ‘பேரன் போல நினைத்துத்தான் கூப்பிட்டேன்’ என்ற பொருளில் விளக்கம் தந்தார். காவல் நிலையத்தில் புகார் போன பிறகு வருத்தம் தெரிவித்தார். சுற்றி நின்ற அதிகாரிகளில் ஒருவருடைய மகன் அங்கே இருந்திருந்தால், அவனும் பேரனாகத் தெரிந்திருப்பானா? சாதி, வனத்துறைச் சோதனைச் சாவடியோடு நின்றுவிடுவதில்லை. நம்மோடு வண்டியேறி காட்டுக்குள்ளும் வருகிறது.

முதுமலை 1940இல் சரணாலயம் ஆனது, 2007இல் புலிகள் காப்பகம் ஆனது. அதற்கு வெகுகாலம் முன்பே அங்கே மக்கள் இருந்தார்கள். அவர்களுக்கு வரலாற்று அநீதி இழைக்கப்பட்டிருக்கிறது என்று 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டமே தன் முகவுரையில் ஒப்புக்கொள்கிறது. உரிமைகளை அங்கீகரித்து முடிக்காமல், கிராம சபையின் ஒப்புதல் பெறாமல், புலிகள் காப்பகத்திலிருந்தும் யாரையும் இடம்பெயர்க்கக் கூடாது என்கிறது. ஆனால், உயர் நீதிமன்றத்தின் 2008 இடைக்கால உத்தரவால் தமிழ்நாட்டில் பட்டா வழங்குவது 2016 வரை முடங்கிக் கிடந்தது. சட்டம் காத்திருந்தது. முதுமலையில் இடப்பெயர்வு காத்திருக்கவில்லை.

“புலியைக் காக்க வேண்டாமா?” என்று கேட்பார்கள். காக்க வேண்டும். யாரிடமிருந்து என்பதுதான் கேள்வி. காப்பகத்தின் நடுவே தேசிய நெடுஞ்சாலை ஓடுகிறது. சீகூர் யானை வழித்தடத்தில் கட்டிய விடுதிகளுக்கு முத்திரை வைக்க 2018இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட வேண்டியிருந்தது. அந்த விடுதிகளைக் கட்டியவர்கள் காட்டுநாயக்கரும் பணியரும் அல்லர். காட்டுத் தரையை மூடி, புல்லை அழித்து, மானுக்கும் யானைக்கும் தீவனம் இல்லாமல் செய்யும் உண்ணிச்செடியும் வெள்ளைக்காரர்கள் அழகுக்காகக் கொண்டுவந்தது. அதை வெட்டி எடுத்து ஆளுயர யானைச் சிற்பங்கள் செய்கிறவர்கள் இதே மலையின் பழங்குடி மக்கள்.

பக்கத்திலேயே சான்று இருக்கிறது. கர்நாடகத்தின் பிலிகிரிரங்கன் மலையில் சோளகர்களுக்கு 2011இல் சமூக வன உரிமை கிடைத்தது. நாட்டிலேயே புலிகள் காப்பகம் ஒன்றுக்குள் அப்படி உரிமை பெற்ற முதல் மக்கள் அவர்கள். அதனால் அங்கே புலி அழிந்துபோய்விடவில்லை.

மோதல் இல்லை என்று நான் சொல்லவில்லை. யானை மிதித்துச் சாவு நடக்கிறது. சாகிறவர் யார்? விடியலில் வேலைக்கு நடந்துபோகும் தோட்டத் தொழிலாளி, விறகு பொறுக்கப் போன பழங்குடிப் பெண். விலங்கோடு வாழ்வதன் விலையைக் கொடுப்பவர்களையே விலங்கின் எதிரி என்பது எவ்வளவு பெரிய மோசடி!

மனிதர் இல்லாத காடே தூய காடு என்ற நினைப்பு நமக்குப் பழக்கமானதுதான். சேரியை ஊருக்கு வெளியே வைத்ததும் தூய்மையின் பெயரால்தான். இங்கே தீட்டுக்குப் பதில் ‘ஆக்கிரமிப்பு’ என்ற சொல் வந்திருக்கிறது. ஒரு நாள் சீட்டு வாங்கிய நாம் விருந்தாளி. காட்டிலேயே பிறந்தவர் ஆக்கிரமிப்பாளர்!

2024 ஜூனில் தேசியப் புலிகள் பாதுகாப்பு ஆணையம், நாடு முழுவதும் புலிகள் காப்பகங்களின் மையப் பகுதிகளில் 591 கிராமங்களும் 64,801 குடும்பங்களும் இன்னும் இருப்பதாகக் கணக்குச் சொல்லி, இடப்பெயர்வை விரைவுபடுத்துமாறு மாநிலங்களுக்குக் கடிதம் எழுதியது. அந்தக் குடும்பங்களில் எத்தனை பேருக்கு உரிமை அங்கீகரிக்கப்பட்டிருக்கிறது? எத்தனை கிராம சபைகள் சம்மதித்தன? இவற்றை வெளியிடாமல் ஒரு குடும்பத்தைக்கூட நகர்த்தக் கூடாது என்பதே நம் கோரிக்கையாக இருக்க வேண்டும்.

அடுத்த முறை முதுமலையிலிருந்து படம் போடும்போது யானைக்குப் பக்கத்தில் நிற்பவரை வெட்டிவிடாதீர்கள். முடிந்தால் அவரிடம் பேசுங்கள். வீட்டுக்குப் பட்டா வந்துவிட்டதா என்று கேளுங்கள். வரவில்லை என்றால், அதையும் எழுதுங்கள்.