தாயாரின் பெயர் கொண்டவர்
நாமக்கல்லில் நாமகிரித் தாயார் சன்னதி. குங்குமத்துக்குக் கை நீட்டும் கூட்டத்திலிருந்து ஒதுங்கி, வெள்ளைச் சேலையில் ஒரு பாட்டி கைகூப்பி நிற்கிறார். அந்தத் தாயாரின் பெயரைத் தாங்கிய இன்னொரு பெண்ணின் நினைவு வராமல் போகாது: ராஜாஜியின் மகள் நாமகிரி. சேலத்தில் வக்கீல் தொழில் கொடிகட்டிப் பறந்த காலத்தில், நாற்பது வயதுகூட ஆகாத ராஜாஜி மனைவி அலமேலு மங்கம்மாளைப் பறிகொடுத்தார். ஐந்து பிள்ளைகள். மறுமணம் செய்துகொள்ளவில்லை, 1925-இல் திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் தொடங்கி எளிய குடிலில் வாழ்ந்தார். நாமகிரியும் இளமையிலேயே கணவரை இழந்து அப்பாவிடமே வந்து சேர்ந்தார். துணையிழந்த இருவரும் ஒருவருக்கொருவர் துணையானார்கள். 1948-இல் ராஜாஜி கவர்னர் ஜெனரலானபோது டெல்லி மாளிகையின் இல்லத்தரசியாக விருந்தினரை உபசரித்தவர் இந்த மகள்தான். கல்யாண வீட்டில் ஆரத்தித் தட்டைக்கூடத் தொடவிடாத சமூகத்திலிருந்து போன கைம்பெண் அவர்! விதி செய்யும் விநோதங்களில் இத்தனை இதமானது வேறில்லை. மனைவி போன பிறகு ராஜாஜி வாழ்ந்தது 55 ஆண்டுகளுக்கும் மேல்.

சன்னதியில் பேத்தி ஓடி வந்து பாட்டியின் கையைப் பிடித்து வரிசைக்குள் இழுக்கிறாள். பாட்டி தயங்குகிறார், பிறகு நடக்கிறார். பேத்தி நீட்டிய குங்குமப் பொட்டலத்தை வாங்கி முந்தானையில் முடிந்துகொள்கிறார்.